வெண்கலத்தில் வார்த்த பசி

சிலை என்றதும் "எத்தனை அடி?" என்று கேட்பதுதான் நம் வழக்கம். நாற்சந்தியில் பீடம் கட்டி, ஆளுயரத்துக்கு இரண்டு பங்காக நிறுத்தி, கீழே கல்வெட்டுப் பதித்தால்தான் சிலைக்கு மதிப்பு என்று எண்ணிப் பழகிவிட்டோம். வங்காளத்துச் சிற்பி சோம்நாத் ஹோர் செய்த சிலைகள் அந்தக் கணக்கில் சேராதவை. அவருடைய வெண்கல உருவங்களில் பல ஒரு முழத்துக்குள் அடங்கிவிடும். ஆபீசுக்கு எடுத்துப்போகும் டிபன் கேரியர் உயரம்தான் இருக்கும். மாலை போட்டால் சிலையே மறைந்துவிடும்.

ஆனால் அந்தச் சின்னஞ்சிறு உருவங்களுக்குள் 1943ம் ஆண்டின் வங்காளப் பஞ்சம் இருக்கிறது. பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தபோது ஹோருக்கு வயது 22. அவர் வெண்கலத்தைத் தொட்டது 1974ல். அப்போது வயது 53. இடையில் 30 ஆண்டுகள் ஓடிவிட்டன. நாடு விடுதலை பெற்றது, பிரிந்தது. அவர் பிறந்த ஊர் வேறு நாடானது. அவருக்கு வேலை கிடைத்தது, குடும்பம் வந்தது, விருதுகள் வந்தன. ஒரு மனிதன் மறந்துவிடுவதற்குப் போதுமான காலம் அது. ஹோர் மறக்கவில்லை.

சாக்கேத்தில் ஒரு கண்காட்சி

ஹோரின் பிறந்த நூற்றாண்டு 2021ல் வந்தது. அடுத்த ஆண்டு, 2022ல், டில்லி சாக்கேத்திலுள்ள கிரண் நாடார் கலைக்கூடத்தில் அவருடைய படைப்புகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடந்தது. 'ஒரு வெள்ளை ரோஜாவின் பிறப்பு' என்பது அதன் தலைப்பு. 1960களின் தொடக்கத்தில் ஹோர் செய்து, தேசிய விருது பெற்ற ஓர் அச்சுப் படத்தின் பெயர் அது.

இந்தக் கலைக்கூடம் 2010ல் தொடங்கப்பட்டது. தூத்துக்குடி மாவட்டத்தில் பிறந்த தொழிலதிபர் சிவ நாடாரின் மனைவி கிரண் நாடார் இதை நிறுவினார். சாக்கேத்தில் அது இருப்பது ஒரு பெரிய கடை வளாகத்துக்குள். அனுமதி இலவசம். ஆனால் கண்ணாடி பளபளக்கும் துணிக்கடைகளையும் சாப்பாட்டுக் கடைகளையும் தாண்டிப்போய்த்தான் பட்டினியைப் பார்க்க வேண்டும். பொருந்தாத இடம் என்று சொல்லத் தோன்றும். யோசித்தால் அப்படியில்லை. 1943ல் கல்கத்தாவும் இப்படித்தான் இருந்தது. பெரிய ஓட்டல்களில் விருந்து நடந்துகொண்டிருந்தது; வெளியே நடைபாதையில் ஆட்கள் விழுந்து செத்தார்கள்.

தாளில் அவசரமாகப் போட்ட கோட்டோவியங்கள், மரக்கட்டையைச் செதுக்கி எடுத்த அச்சுகள், உலோகத் தகட்டை அமிலத்தில் அரித்து எடுத்த படங்கள், காகிதக் கூழில் செய்த வெள்ளைப் படங்கள், கடைசியாக வெண்கலம். ஹோரின் வாழ்நாள் வேலை இந்த வரிசையில்தான் வளர்ந்தது. இவற்றை ஒரே இடத்தில் சேர்த்துப் பார்ப்பவருக்கு ஒன்று புலப்படும். கையாண்ட பொருள்தான் மாறிக்கொண்டே வந்தது. சொல்ல வந்த சேதி மாறவேயில்லை.

அகதிகள் வந்து சேர்ந்த ஊர்

ஹோர் 1921ல் சிட்டகாங் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். சிட்டகாங் இன்று வங்கதேசத்தில் இருக்கிறது. அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் கிழக்குக் கோடித் துறைமுகம். அதைத் தாண்டினால் பர்மா எல்லை.

1942ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபோது அங்கே பிழைத்துவந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில் கிளம்பினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள், நெல் ஆலையில் வேலை பார்த்தவர்கள், செட்டியார் கடைக் கணக்குப்பிள்ளைகள், வண்டிக்காரர்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றவர்கள் நடந்தார்கள். ஒரு கூட்டம் மணிப்பூர்க் காடுகள் வழியாக வந்தது. இன்னொரு கூட்டம் அரக்கான் மலையைக் கடந்து சிட்டகாங் வந்து சேர்ந்தது. "தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே வந்தார்" என்று சொல்லும் குடும்பங்கள் தமிழ்நாட்டிலும் உண்டு, தமிழர் பிழைக்கப்போன மற்ற ஊர்களிலும் உண்டு. அந்தத் தாத்தாக்களில் பலர் மிதித்த மண் ஹோரின் மாவட்டத்து மண்.

அகதிகளுக்குப் பின்னாலேயே குண்டும் வந்தது. 1942 டிசம்பரில் சிட்டகாங் பகுதியில் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. இளைஞர் ஹோர் அந்தச் சாவுகளைப் பார்த்தார். பார்த்ததை வரைய வேண்டும் என்று கை துடித்தது. ஆனால் அவர் எந்தக் கலைப் பள்ளியிலும் படித்தவரல்ல.

அந்த நேரத்தில் அவருக்குக் கிடைத்த ஆசான் சித்தப்ரசாத். அவரும் சிட்டகாங்கில் படித்தவர். கம்யூனிஸ்ட் கட்சியின் ஓவியர். அவர் ஹோரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். பாடம் நடந்தது பஞ்சம் பாதித்த தெருக்களிலும் கிராமங்களிலும். பசியில் கிடப்பவரின் எதிரே நின்று, அவர் முகத்தைப் பார்த்து, தாளில் கோடு இழுக்கவேண்டும். கண்ணைத் திருப்பிக்கொள்ளக் கூடாது. சோம்நாத் ஹோர் ஓவியம் கற்றது இப்படித்தான்.

வடிகஞ்சி கேட்டவர்கள்

வங்காளப் பஞ்சம் மழை பொய்த்ததால் மட்டும் வந்த பஞ்சமல்ல. பர்மா கைவிட்டுப் போனதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. ஜப்பானியர் வந்தால் அவர்கள் கைக்குக் கிடைக்கக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் அரிசியையும் படகுகளையும் பிரிட்டிஷ் அரசாங்கம் அகற்றியது. ஆறுகளே சாலைகளாக உள்ள ஊரில் படகு போனால் மீனவன் எப்படிப் பிழைப்பான்? 1942 அக்டோபரில் அடித்த புயல் மிதுனாப்பூர்ப் பக்கத்துப் பயிரை அழித்தது. படைக்கும் கல்கத்தா தொழிற்சாலைகளுக்கும் அரிசி முதலில் போனது. வியாபாரிகள் பதுக்கினார்கள். விலை மும்மடங்குக்கு மேல் ஏறியது. கூலிக்காரன் கையில் இருந்த காசு கூலிக்காரன் வயிற்றுக்கு எட்டவில்லை.

கிராமத்து ஜனங்கள் கல்கத்தாவுக்கு வந்து வீட்டு வாசல்களில் நின்றார்கள். சோறு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்து, சோறு வடித்த கஞ்சித் தண்ணீரை மட்டும் கேட்டார்கள். வங்காளிகளின் நினைவில் அந்தப் பஞ்சம் இன்றும் வடிகஞ்சி கேட்ட குரலாகத்தான் இருக்கிறது.

மாண்டவர் எத்தனை பேர்? 1945ல் அரசாங்க விசாரணைக் குழு சுமார் 15 லட்சம் என்றது. பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் 30 லட்சம் வரை கணக்கிட்டார்கள். அப்படிக் கணக்கிட்டவர்களில் ஒருவர் நோபல் பரிசு பெற்ற பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென். பஞ்சத்தின்போது அவர் 9 வயதுப் பையன், சாந்திநிகேதனில் இருந்தார். பின்னாளில் ஹோர் வெண்கலம் வார்த்த அதே சாந்திநிகேதன்.

இத்தனை லட்சம் பேர் செத்ததற்கு அரசாங்கம் எழுப்பிய நினைவகம் ஏதும் இல்லை. போரில் இறந்த சிப்பாய்களுக்கு வளைவு உண்டு. அரிசி இல்லாமல் இறந்தவர்களுக்குக் கல்கூடக் கிடையாது. சித்தப்ரசாத் 1943ல் பஞ்சத்தைப் பற்றிப் படங்களோடு வெளியிட்ட சிறு புத்தகத்தையும் பிரிட்டிஷார் பறிமுதல் செய்து அழித்தார்கள். நினைவு வைத்திருப்பதே குற்றமாக இருந்த காலம் அது.

தமிழ்நாட்டாருக்கும் இது புதிதல்ல. 1876 முதல் 1878 வரை நடந்த தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் கிராமங்களில் பாட்டுக் கட்டிப் பாடினார்கள். அந்தப் பஞ்சத்தின் புகைப்படங்களும் இருக்கின்றன. பட்டினி கிடந்தவர்களை வரிசையாக உட்காரவைத்து ஒரு வெள்ளைக்கார ராணுவ அதிகாரி எடுத்தவை. விலா எலும்பை எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. ஆனாலும் அவற்றைப் பார்க்கும்போது மனசு கூசுகிறது. படம் எடுத்தவருக்கும் படத்தில் இருப்பவருக்கும் நடுவே ஒரு பெரிய தூரம் தெரிகிறது. ஹோரின் கோட்டோவியங்களில் அந்தத் தூரம் இல்லை. எதிரே கிடந்தவர்கள் அவருடைய ஊர்க்காரர்கள்.

மூன்றில் இரண்டு பங்கு

பஞ்ச ஓவியங்கள் கட்சிப் பத்திரிகைகளில் வந்தன. பிறகு ஹோர் கல்கத்தா அரசாங்க ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார். 1943ன் பஞ்ச ஓவியங்களால் புகழ்பெற்ற ஜைனுல் ஆபிதீன் அங்கே அவருக்கு ஆசிரியர்.

1946 கடைசியில் வங்காளத்தில் வாரக் குடியானவர்கள் கிளர்ந்தார்கள். விளைச்சலில் பாதியை நிலக்காரருக்கு அளந்த நிலை மாறி, மூன்றில் இரண்டு பங்கு உழுதவனுக்கே வேண்டும் என்பது கோரிக்கை. தேபாகா போராட்டம் என்று அதற்குப் பெயர். ஹோர் வடவங்கத்து ரங்கப்பூர்ப் பகுதிக்குப் போய்க் குடியானவர்களோடு தங்கி, ஒரு நாட்குறிப்பு எழுதினார். கூடவே படமும் வரைந்தார். அந்தப் படங்களில் இருப்பவர்கள் மெலிந்தவர்கள்தான். ஆனால் நிமிர்ந்து நிற்கிறார்கள், கூட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்கள், கதிர் அறுக்கிறார்கள். ஹோர் எப்போதும் அழுகையை மட்டுமே வரைந்தார் என்று சொல்பவர்கள் இந்தப் பக்கங்களைப் புரட்ட வேண்டும். 1947ல் டுவார்ஸ் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களையும் இப்படியே வரைந்தார்.

பிரிவினை வந்தது. சிட்டகாங் பாகிஸ்தானுக்குப் போயிற்று. ஹோர் கல்கத்தாவில் தங்கிவிட்டார். 1950களில் கட்சியிலிருந்தும் ஒதுங்கினார். 1958ல் டில்லி பாலிடெக்னிக்கின் ஓவியப் பிரிவில் வேலை கிடைத்து இந்த நகரத்துக்கு வந்தார். 1967 வரை இங்கேதான் இருந்தார். ஊர் விட்டு ஊர் வந்து, மாதச் சம்பளம் வாங்கி, சொந்த மண்ணுக்குத் திரும்ப முடியாமல் வாழ்ந்த டில்லிவாசிகளில் அவரும் ஒருவர். லலித் கலா அகாடமியின் தேசிய விருதை மூன்று முறை பெற்றதும் இந்தக் காலத்தில்தான். 1969ல் சாந்திநிகேதன் கலாபவனத்துக்கு ஆசிரியராகப் போனவர் கடைசிவரை அங்கேயே இருந்துவிட்டார்.

வெள்ளைக் காகிதத்தில் காயம்

1971 வாக்கில் வங்காளம் மறுபடி ரத்தக்களரியாக இருந்தது. ஒரு பக்கம் நக்ஸலைட் மோதல்கள், கல்கத்தா தெருக்களில் பிணங்கள். இன்னொரு பக்கம் கிழக்குப் பாகிஸ்தானில் யுத்தம், அங்கிருந்து வந்து குவிந்த அகதிகள். தொலைவில் வியட்நாம் எரிந்துகொண்டிருந்தது. 28 ஆண்டுக்கு முன் பார்த்தவை எல்லாம் ஹோருக்குத் திரும்பி வந்தன.

அப்போது அவர் செய்த 'காயங்கள்' வரிசை ஒரு விசித்திரமான வேலை. முதலில் களிமண் பலகையைக் கத்தியால் கீறி, குத்தி, கிழிப்பார். அதிலிருந்து சிமெண்டில் அச்சு எடுப்பார். அச்சின்மேல் காகிதக் கூழைப் பரப்பி அழுத்திக் காயவைப்பார். உரித்தால் ஒரு வெள்ளைக் காகிதம் வரும். மை கிடையாது, உருவம் கிடையாது. ஆனால் காகிதத்தின் உடம்பிலேயே தழும்பு இருக்கும். சிலவற்றில் எங்கோ ஓர் ஓரம் கொஞ்சம் சிவப்பு. அவ்வளவுதான்.

கோடரி பட்ட மரம், லாரிச் சக்கரம் அறுத்த சாலை, காரணம் தெரியாமல் கத்தியால் குத்தப்பட்ட மனிதன். எங்கே பார்த்தாலும் தனக்குக் காயமே தெரிந்தது என்று அவர் எழுதியிருக்கிறார். அந்த வெள்ளைக் காகிதத்தின் எதிரே நிற்கும் சிலர் "இதில் என்ன இருக்கிறது?" என்று நகர்ந்துவிடக் கூடும். நியாயமான கேள்விதான். விளக்கம் படிக்காமல் அந்தக் காகிதங்கள் எல்லோரிடமும் பேசிவிடாது. வெண்கலம் அப்படியில்லை. அதற்கு எழுத்துக்கூட்டிப் படிப்பவர் விளக்கமும் வேண்டாம், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் விளங்கும்.

மெழுகும் சூட்டுக் கத்தியும்

1974ல் ஹோர் வெண்கலத்துக்கு வந்தார். அவர் செய்த முறையைத் தெரிந்துகொண்டால்தான் அந்த உருவங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்பது புரியும்.

சுவாமிமலைப் பக்கம் போனவர்கள் ஸ்தபதிகள் வேலை செய்வதைப் பார்த்திருக்கலாம். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் கலந்து காய்ச்சி, அதில் சுவாமி உருவத்தைக் கையால் பிடிப்பார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, கம்பி கட்டிக் காயவைப்பார்கள். சூடு காட்டினால் உள்ளிருக்கும் மெழுகு உருகி ஓடிவிடும். மெழுகு இருந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால் சிலை. மெழுகு போய் உலோகம் வந்த கணக்கு.

ஹோர் கையாண்டதும் அடிப்படையில் இதே மெழுகு வார்ப்புதான். வித்தியாசம் மெழுகைக் கையாண்ட விதத்தில். அவர் மெழுகை உருண்டையாகப் பிடித்து உருவம் செய்யவில்லை. அப்பளம் போலத் தகடாக்கிக்கொண்டார். சூடான கத்தியால் அந்தத் தகட்டை வெட்டினார், கிழித்தார், மடித்தார், ஓரத்தோடு ஓரம் சேர்த்து ஒட்டினார். மனித உடம்பை அவர் தோலாகவும் எலும்பாகவும் மட்டுமே கட்டினார். சதை என்பதே இல்லை. மார்புக்கூடு திறந்து கிடக்கிறது. வயிறு இருக்கவேண்டிய இடத்தில் ஓட்டை. கைகால்கள் குச்சி. 1943ல் எதிரே நின்று வரைந்த உடம்புகளும் அப்படித்தானே இருந்தன.

சுவாமிமலையில் வார்ப்பு முடிந்தபின் பாதி வேலை பாக்கி இருக்கும். அரம் போட்டு ராவி, உளியால் நகாசு செதுக்கி, மெருகேற்றி, கடைசியில் கண் திறப்பார்கள். உலோகம் ஓடிவந்த வாய்க்கால்களின் தடத்தை வெட்டி எறிந்து, இருந்த இடம் தெரியாமல் தேய்ப்பார்கள். தெய்வத்தின் உடம்பில் தழும்பு கூடாது. ஹோர் அந்த வாய்க்கால் குழாய்களைப் பல உருவங்களில் அப்படியே விட்டுவிட்டார். அவை நரம்பு போலவும் ஊன்றுகோல் போலவும் தெரிகின்றன. வெட்டிய ஓரங்களை ராவவில்லை. கத்தி பட்ட இடம் கத்தி பட்ட இடமாகவே நிற்கிறது. முகத்தில் கண்மூக்கு தெளிவாக இல்லாத உருவங்களும் உண்டு. பஞ்சத்தில் இறந்தவர்களில் யாருடைய பெயர் நமக்குத் தெரியும்?

பொருளுக்கும் செய்முறைக்கும் இவ்வளவு நெருக்கமான பொருத்தம் சிற்பக்கலையில் அடிக்கடி வாய்ப்பதில்லை. காயத்தைப் பற்றிச் சிலை செய்தார் என்பதைவிட, காயப்படுத்தியே சிலை செய்தார் என்பதுதான் சரி. ஒவ்வொரு முறை மெழுகில் கத்தி வைத்தபோதும் 30 ஆண்டுக்கு முந்திய கோடு அவர் கையில் திரும்ப வந்தது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். ஒன்றன்பின் ஒன்றாக இருபது உருவங்களைப் பார்க்கும்போது கண் சலித்துப்போகிறது. விலா எலும்பு, ஓட்டை, குச்சிக்கால். மறுபடியும் விலா எலும்பு. அழகான ஒரு திரும்பல், சதைப்பிடிப்பான ஒரு தோள் வராதா என்று ஏங்கவைக்கிறது. இந்தக் குறையை ஓரளவு தீர்ப்பவை அவர் செய்த மிருகங்கள். அடிபட்ட ஆடு, நாய், குதிரை. நாய் தலையைத் தூக்குகிற விதத்தில் ஒரு துடிப்பு இருக்கிறது. கஞ்சிரா போன்ற சிறு வாத்தியத்தைத் தட்டும் பாட்டுக்காரரையும் அவர் வார்த்திருக்கிறார். தாயும் பிள்ளையும் திரும்பத் திரும்ப வருகிறார்கள். அந்தத் தாய்களின் உடம்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் பிள்ளையை விட்டகை இல்லை.

டில்லியில் நிற்கும் பெரிய சிலைகள்

ஹோரின் வேலையை எடைபோட டில்லியிலேயே ஒப்பீடு இருக்கிறது. சென்னைக் கடற்கரையில் பாறையை நெம்பும் நான்கு பேர் நிற்கும் உழைப்பாளர் சிலையை அறியாத தமிழர் இல்லை. 1959ல் திறக்கப்பட்டது. செய்தவர் தேவிபிரசாத் ராய் சௌதரி. அவர் வங்காளி, சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராகக் கால் நூற்றாண்டுக்கு மேல் இருந்தவர். அதே சிலையின் இன்னொரு வார்ப்பு டில்லியில் இந்தியா கேட் அருகே, ஜெய்ப்பூர் ஹவுஸ் தேசிய நவீன கலைக்கூடத் தோட்டத்தில் நிற்கிறது. ஊர் நினைப்பு வந்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். பஸ் கண்டக்டர் "கியாரா மூர்த்தி" என்று குரல் கொடுக்கும் இடத்தில், காந்திஜியின் பின்னே பத்துப்பேர் நடக்கும் தண்டி யாத்திரைச் சிலையும் ராய் சௌதரி செய்ததே. பழைய 500 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது அதுதான். 2016ல் அந்த நோட்டு செல்லாமல் போகும்வரை, சம்பளநாளில் குமாஸ்தாவின் பாக்கெட்டில் ஒரு சிற்பம் இருந்தது.

பார்லிமெண்ட் தெருவில் ரிசர்வ் வங்கி வாசலில் நிற்கும் பெரிய கல் யட்சனும் யட்சியும் ராம்கிங்கர் பைஜ் செய்தவை. அவர் சாந்திநிகேதனில் ஹோருக்கு மூத்த சகா. சந்தால் பழங்குடிக் குடும்பம் ஒன்று மூட்டைமுடிச்சோடு பிழைக்கப் புறப்படுவதை 1938ல் அங்கே சிலையாக நிறுத்தியவர்.

இந்தப் பெரியவர்களின் உழைப்பாளிகள் பலசாலிகள். தசை முறுக்கேறியிருக்கிறது, கால் மண்ணில் ஊன்றியிருக்கிறது. வேலை செய்யும் மனிதனின் பெருமையை அவர்கள் காட்டினார்கள். ஹோர் காட்டியது அதே மனிதனை, சோறு நின்றுபோன மூன்றாவது மாதத்தில். உழைப்பாளர் சிலையின் முன்னால் படம் எடுத்துக்கொள்ளலாம். ஹோரின் உருவத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ள யாருக்கும் தோன்றாது. நாற்சந்தியில் வைக்க முடியாத சிலைகள் அவை. ஆளில்லாத அறையில், குனிந்து, கிட்டப்போய்ப் பார்க்க வேண்டியவை.

காணாமல் போன தாய்

பெரிதாக ஒன்று செய்யவேண்டும் என்று ஹோருக்கும் ஒருமுறை தோன்றியது. வியட்நாம் யுத்தம் 1975ல் முடிந்தது. உலகத்திலேயே பெரிய வல்லரசை எதிர்த்து நின்ற அந்த ஏழை ஜனங்களுக்கு மரியாதை செய்ய நினைத்தார். 'தாயும் பிள்ளையும்' என்ற வெண்கலச் சிலையை ஆண்டுக்கணக்கில் பாடுபட்டுச் செய்தார். அவர் செய்த வெண்கலங்களில் பெரியது அது. 1977ல் வேலை முடிந்தது.

முடிந்த சூட்டோடு அது கலாபவனத்திலிருந்து திருடுபோயிற்று. திரும்பக் கிடைக்கவேயில்லை. இன்று அந்தத் தாயைப் பார்க்கவேண்டுமானால் புகைப்படத்தில்தான் பார்க்க வேண்டும்.

அதே காலத்தில் தமிழ்நாட்டுக் கோயில் சிலைகளும் களவுபோய்க்கொண்டிருந்தன. 1976ல் தஞ்சைப் பக்கத்துப் பத்தூரில் மண்ணுக்கடியில் கிடைத்த நடராஜர் கடத்தப்பட்டு லண்டன் போனார். கோர்ட்டில் வழக்கு நடந்து, 1991ல் நாடு திரும்பினார். அவருக்காக வழக்காட அரசாங்கம் இருந்தது, பல நூற்றாண்டுப் பழமையின் மதிப்பும் இருந்தது. ஹோரின் தாய்க்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை. களிமண்ணும் மெழுகும் மணக்கச் செய்து முடித்த புதுச்சிலை அது. சாந்திநிகேதனுக்குத் திருட்டு அதோடு நிற்கவில்லை. 2004ல் தாகூரின் நோபல் பதக்கமே அங்கிருந்து களவுபோனது நினைவிருக்கலாம்.

அதன்பின் ஹோர் செய்தவை பெரும்பாலும் சிறிய உருவங்கள். தாயும் பிள்ளையும் மறுபடி மறுபடி வந்தார்கள், கையடக்கமாக. பஞ்சத்தில் ஒருமுறை இழந்த தாயைத் திருட்டில் இன்னொரு முறை இழந்தவர், அவளைத் திரும்பத் திரும்ப வார்த்துக்கொண்டேயிருந்தார்.

1983 வாக்கில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். சாந்திநிகேதனை விட்டு அதிகம் நகராமல் வாழ்ந்து, 2006 அக்டோபர் 1ல் தமது 85வது வயதில் காலமானார். மறு ஆண்டு அரசாங்கம் அவருக்குப் பத்மபூஷண் அறிவித்தது.

சாக்கேத் கண்காட்சி முடிந்துவிட்டாலும் ஹோரின் படைப்புகள் அந்தக் கலைக்கூடத்தின் சேகரிப்பிலும், ஜெய்ப்பூர் ஹவுஸ் தேசிய நவீன கலைக்கூடத்தின் சேகரிப்பிலும் இருக்கின்றன. எல்லாவற்றையும் எப்போதும் வெளியே வைத்திருக்கமாட்டார்கள். மாற்றி மாற்றி வைப்பார்கள். ஜெய்ப்பூர் ஹவுசுக்குப் போகிறவர்கள் தோட்டத்தில் நம் உழைப்பாளர்களைப் பார்த்துவிட்டு உள்ளே போகலாம். திங்கட்கிழமை விடுமுறை.